துளசிக்காக ஐந்து கிலோமீட்டர்

உங்கள் மகளும் ஓடினாளா? நல்லது. நானும் அங்கேதான் இருந்தேன். அது உங்களுக்கே தெரியும், பஸ் ஏறினதிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். காலையில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் போலீஸ்காரம்மா ஒரு கிழவனை ஓரமாக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கிழவன் நான்தான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன். நான் இறங்குகிற கணபதி ஸ்டாப் வருவதற்குள் முடிந்துவிடும்.

பெண்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று புகார். புகாரில் பொய் இல்லை. ஆறு மணியிலிருந்து பார்த்தேன். ஆயிரம் முதுகாவது பார்த்திருப்பேன். எதற்குப் பார்த்தாய் என்று மட்டும் முதலில் ஒருவரும் கேட்கவில்லை.

என் பெயர் நஞ்சப்பன். கணபதியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. நாற்பத்திரண்டு வருஷம். போர்வெல் மோட்டார், கிரைண்டர் மோட்டார், எது எரிந்துபோனாலும் என்னிடம் வரும். என் சம்சாரம் துளசிமணி போய்ச் சேர்ந்து, வருகிற ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. புற்றுநோய். பெண்களுக்கு வருகிறதே, அது. இடத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. அப்போது கடைக்கு வருகிறவர்களிடம் வயிற்றுக் கோளாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் வயிறு என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது.

போன மாதம் டீக்கடைச் சுவரில் இந்த ஓட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெண்கள் மட்டும். ஐந்து கிலோமீட்டர். சேருகிற பணமெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. நோட்டீஸில் ஒரு படம். ஒரு பெண் ஓடுகிறாள், பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். ரோஸ் கலர் பனியன், முதுகில் ஒரு காகிதம் குத்தியிருக்கிறது. 'நான் ஓடுவது' என்று அச்சடித்து, கீழே 'என் அம்மா ரெஜினாவுக்காக' என்று கையால் எழுதியிருந்தது. டீ ஆறிப்போகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாருங்கள், கடைப் பலகையில் என் பெயர். வீட்டு வாசலில் என் பெயர். பையன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அவள் பெயர். முப்பத்தெட்டு வருஷத்தில் நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்றால் வருவாள். அதனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் பெயர் ஒரு முதுகில் ஏறி ஊர் பார்க்க ஓடட்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பெயர் கொடுக்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, இது லேடீஸ் மட்டும்" என்றாள். நான் ஓடவில்லை, நடக்கிறேன் என்றேன். "நடக்கிறதும் லேடீஸ் மட்டுந்தான் தாத்தா." ரோட்டோரமாகப் போகிறேன் என்றேன். ரோட்டோரமும் அன்றைக்கு அவர்களுடையதாம். கடைசியில் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, வேண்டுமானால் ஓடி வருகிறவர்களுக்கு வாழைப்பழம் கொடுக்கிற வேலை இருக்கிறது என்றாள். நாற்பத்திரண்டு வருஷம் காயில் கட்டிய கை. வாழைப்பழம்.

"வீட்ல லேடீஸ் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க தாத்தா" என்றாள்.

வீட்டில் லேடீஸ் இருந்தால் நான் எதற்கு அங்கே போய் நிற்கிறேன்?

எனக்கு மகள் கிடையாது. மருமகள் ஓசூரில், வயிற்றில் ஏழு மாதம். அன்னூரில் இருக்கிற தங்கச்சியிடம் போனில் கேட்டேன். "இந்த வயசுல எனக்குப் பனியனைப் போட்டு ஊர் முன்னால ஓட விடறயே, நான் உனக்கு என்ன பாவம் பண்ணுனேன் அண்ணா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீதியில் எட்டு வீட்டில் கேட்டேன். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு மூச்சு, ஒருவருக்கு மாமியார். ஒன்பதாவதாக ஒரு வீடு உண்டு. எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரே சுவர். அங்கே போகவில்லை. போகவும் மாட்டேன்.

அது என்ன கதை என்கிறீர்களா? அது சம்பூரணம் வீடு. அந்தம்மாவுக்கும் வீட்டுக்காரர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு போர் மோட்டாருக்கு நான்தான் காயில் கட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் புகைந்துவிட்டது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் எந்தக் காயில் தாங்கும்? அதைப் புரிந்துகொள்ளாமல் நடு வீதியில் நின்று, "கட்டத் தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லியிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. இதில் நான் பெருமையாகச் சொல்ல வேண்டியது துளசிமணியைத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானாகவே அவளும் நிறுத்திக்கொண்டாள். நான் வீட்டில் இருக்கும்போது அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பமாட்டாள். புருஷனுக்கு ஒரு அவமானம் என்றால் தனக்கு என்று நினைக்கிறவள். அந்தக் காலத்துப் பெண்.

தைரியசாலியும்கூட. ஆபரேஷனுக்கு நான் கூட இருந்தேன். அதற்கப்புறம் கரண்ட் வைக்கிற வைத்தியம், ரேடியேஷன் என்கிறார்களே அது, இருபத்தைந்து நாள். முதல் நாள் மட்டும் போனேன். மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், நீங்கள் கடையைப் பாருங்கள், நான் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று தள்ளாத குறையாக அனுப்பிவிட்டாள். இருபத்துநாலு நாள் தன்னந்தனியாகப் போய் வந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லுவேன். வயிற்றுக் கோளாறுக்கு எதற்குக் கரண்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் சாவுக்கு சம்பூரணம் வந்தார். சாவுக்கு எதிரியும் வருவதுதானே. ஆனால் என் தங்கச்சியைவிட அதிகமாக அழுதார். என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். வீதிக் கோடியில் தையல் கடை வைத்திருக்கிற கௌசல்யா ஓடுவதாகச் சொன்னாள். அவளுக்கென்று எழுத வேண்டிய பெயர் இல்லை, உடம்பு குறைய ஓடுகிறாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். 'திருமதி துளசிமணி' என்று மேலே. வெறும் பெயரை எழுதினால் எந்தத் துளசிமணி என்று தெரிய வேண்டாமா? அதனால் கீழே 'கணவர்: நஞ்சப்பன், நஞ்சப்பன் மோட்டார் ஒர்க்ஸ், கணபதி'. கௌசல்யா வாங்கிப் பார்த்தாள். "போன் நம்பரையும் போட்டுருங்க மாமா, ஓடும்போது ஆர்டர் வரும்" என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் கேலிதான்.

இன்று காலை முதல் பஸ்ஸில் போய்விட்டேன். அங்கே போனால் கடல் மாதிரி ரோஸ் கலர். எல்லோருக்கும் ஒரே பனியன். கௌசல்யாவை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்துப் பயனில்லை, காகிதம் பின்னால் இருக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் தாண்டிப் போகிறவரை காத்திருந்து, திரும்பி, பின்பக்கம் பார்த்தேன். நாலு பெண்கள் போய்ப் போலீஸ்காரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

"என்ன பெரியவரே, வந்ததுல இருந்து பாக்கறேன், யார் மூஞ்சியையும் பாக்க மாட்டேங்கறீங்க?" என்றார் அவர்.

காகிதத்தில் எழுதிய பெயரைப் பார்க்கிறேன் என்றேன். சம்சாரம் ஓடுகிறாரா, நம்பர் என்ன என்று கேட்டார்.

"சம்சாரம் இல்லீங்க. பேர் மட்டுந்தான் ஓடுது" என்றேன்.

 அவர் என் கையைப் பிடித்து ரோடு திரும்புகிற இடத்தில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இங்கே நில்லுங்கள், எல்லா முதுகும் இந்த வழியாகத்தான் போக வேண்டும், இரண்டு சுற்று வருவார்கள் என்றார். நீங்கள் பார்த்தது அதைத்தான். பிடித்து வைக்கவில்லை, நல்ல இடம் கொடுத்தார்.

கௌசல்யா வந்தாள். பெருமையாக விரலை நீட்டினேன். அவள் தாண்டினாள். தலைமுடியை முடியாமல் விரித்து விட்டிருந்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் முடி. அது மேல்பாதிக் காகிதத்தை மூடிவிட்டது. முடிக்குக் கீழே 'நஞ்சப்பன் மோட்டார் ஒர்க்ஸ், கணபதி' என்பது மட்டும் குலுங்கிக் குலுங்கிப் போகிறது.

போலீஸ்காரம்மா படித்தார். "ஐயோ, பாவம். நஞ்சப்பன்தான் தவறிட்டாரா?"

"நான்தானுங்க நஞ்சப்பன்."

அவர் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "கௌசி, முடியைத் தூக்கு" என்று கத்தினேன். அவள் காதில் பாட்டு மாட்டியிருந்தாள். முன்னால் போன வேறு இரண்டு பேர் திரும்பி என்னை முறைத்தார்கள். இரண்டாவது சுற்றிலும் அதே கதி. ஐந்து கிலோமீட்டரும் என் பெயர்தான் ஓடியது. துளசிமணி முடிக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

கூட்டம் குறைந்துவிட்டது. அவ்வளவுதான், கிளம்பலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கடைசியாக ஒரு உருவம் வந்தது. சேலைக்கு மேலே ரோஸ் பனியன். காலில் யாரோ சின்னப் பெண்ணின் கேன்வாஸ் ஷூ. ஒரு காலை இழுத்து இழுத்து நடை. அந்தம்மாவுக்குப் பின்னால், ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளுகிற வேன் ஊர்ந்து வருகிறது.

சம்பூரணம்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினோரு வருஷப் பழக்கம், தானாகத் திரும்பிவிடும். அந்தம்மா தாண்டியதும் இன்னொரு பழக்கம், காலையிலிருந்து பழகியது, முதுகைப் பார்த்துவிட்டேன். 'நான் ஓடுவது துளசிக்காக.' அவ்வளவுதான். ஒரே வார்த்தை, காகிதம் நிறைய.

உலகத்தில் எத்தனையோ துளசி உண்டு. இருந்தாலும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ரோட்டோரமாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே பின்னால் போனேன். "அது யாருங்க துளசி?" என்றேன். பதினோரு வருஷத்தில் நான் அந்தம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அந்தம்மா நடையை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்க. அவ காலைல நீங்க கடைக்குப் போனதுக்கப்புறம் எங்கூட்டுக்கு வர்றவ."

எனக்கு விளங்குவதற்குப் பத்து அடி ஆயிற்று. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடந்துகொண்டே சொன்னார். சண்டை போட்ட மூன்றாம் நாளே துளசி ஒரு கிண்ணம் பருப்போடு சுவரேறாத குறையாக வந்துவிட்டாளாம். அன்றிலிருந்து தினமும். மத்தியானம் என் வண்டிச் சத்தம் வீதி முனையில் கேட்டதும் இவர் கதவைச் சாத்திக்கொள்வாராம், அவள் எங்கள் வீட்டுக்குள் போய்விடுவாளாம். ஒன்பது வருஷம். என் வண்டிக்கு சைலன்சர் ஓட்டை. அதை மாற்றலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் வேண்டாம் என்றதற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

கரண்ட் வைக்கப் போன இருபத்துநாலு நாளும் இவர்தான் கூடப் போயிருக்கிறார். வீதி தாண்டி அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்வாராம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கு ரோஷம் அதிகம், தெரிந்தால் சண்டையைப் புதிதாக ஆரம்பிப்பேன், இருக்கிற நோவில் அது வேறா என்றாளாம். சரி, அப்படியானால் நானே கூட வந்திருப்பேனே, என்னை ஏன் தள்ளினாள்?  

"முதல் நாள் போனீங்களாமே, அந்த மிஷினுக்கு எத்தன வோல்ட்டு, த்ரீ பேஸான்னு டாக்டரைக் கேட்டீங்களாமா" என்றார்.

கேட்டேன். இல்லையென்று சொல்லவில்லை. கரண்ட் என்றால் கேட்கத்தானே தோன்றும்? அதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்கள்.

"அது சிரிப்புக்குச் சொல்லுவா. நெசம் வேற. நீங்க பக்கத்துல இருந்தா அவளால அழ முடியலையாமா. நீங்க பயந்துக்குவீங்களாமா. பஸ்ஸுல எங்கிட்ட அழுதுட்டு, மூஞ்சி கழுவிட்டு, உங்களுக்குச் சோறு போட வருவா."

  கயிற்றைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு அந்தம்மாவே, என்மேல் பாவப்பட்டோ என்னவோ, வேறு ஒன்று சொன்னார். ஒரு நாள் வைத்தியம் முடிந்து வெளியே வந்ததும் துளசிக்கு என்ன தோன்றியதோ, மருதமலை பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். அடிவாரத்தில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வறுத்த கடலை தின்றுவிட்டு வந்தார்களாம். எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நானே சோறு வடித்து வைத்துக்கொண்டு மூன்று மணி வரை காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் என்றாள். அந்த ஆஸ்பத்திரியை ஒரு வாரம் திட்டினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த மோட்டார் எரிந்ததற்குக் காயில் கட்டினவர் மேல்தான் தப்பு என்று துளசியே ஒத்துக்கொண்டாளாம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், கை நடுங்கியது என்று சொன்னாளாம். காய்ச்சல் எல்லாம் இல்லை. வோல்டேஜ்.

இதற்குள் வேன் பக்கத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி, எட்டு மணிக்கு ரோட்டைத் திறந்துவிட வேண்டும், அம்மா வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் விட்டுவிடுகிறோம் என்றாள். இன்னும் கால் கிலோமீட்டர்தான் பாக்கி. சம்பூரணத்துக்கு முட்டி மடங்கவில்லை. வியர்வையில் பனியன் ஒட்டிவிட்டது. வேனின் படியைப் பார்த்தார். ஏறிவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஏறாதீங்க" என்றேன். "இன்னைக்கு அவ பேர் ஓடறது உங்க முதுகுல மட்டுந்தான். வண்டியில ஏத்திக் கொண்டுபோனா அது ஓட்டமில்லீங்க."

அந்தம்மா அப்போதுதான் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ஏறவில்லை. நான் போலீஸ்காரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வேனை அங்கேயே நிறுத்தச் சொல்லி, இன்னும் பத்து நிமிஷம் ரோடு எங்களுடையது என்றார்.

ஆனால் முடிகிற இடத்தைப் பார்த்தால், அங்கே வளைவை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், காற்றடித்து நிறுத்துகிற பெரிய ரப்பர் துணி வளைவு. அடியில் ஒரு சின்ன புளோயர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் தொய்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். வளைவு மயங்கி விழுகிற மாதிரி மெல்லச் சாய்கிறது. நான் கயிற்றைத் தாண்டினேன். ஆண்கள் போகக் கூடாத இடம்தான். போலீஸ்காரம்மா வேறு பக்கம் பார்த்தார். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆளின் கையிலிருந்து பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். அந்த ஆள் என்னென்னவோ சொன்னான். நான் மோட்டார் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மோட்டார். எடுத்ததும் பிடித்துக்கொண்டது.

வளைவு முழுக்க எழுவதற்குள் அந்தம்மா வந்துவிட்டார். பாதி எழுந்திருந்தது. குனிந்து, கையால் அதைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போனார். கை தட்ட மூன்று பேர்தான். அதில் ஒருத்தர் வாழைப்பழம் கொடுக்கிறவர்.

அங்கே ஒரு பெரிய துணி கட்டியிருந்தார்கள். ஓடி முடித்தவர்கள் முதுகுக் காகிதத்தை எடுத்து அதில் குத்திவிட்டுப் போக வேண்டும். சம்பூரணம் குத்தவில்லை. அதோ, முன்னால் பெண்கள் சீட்டில் பாருங்கள், இரண்டாவது வரிசை. இன்னும் முதுகிலேயே இருக்கிறது. கண்டக்டர்கூடப் படித்துவிட்டுத்தான் போனார்.

எனக்கு உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். அந்தக் காகிதம் யாருக்குச் சேர வேண்டும்? பெயர் என் சம்சாரத்தின் பெயர். நான் கேட்டேன். தரமாட்டாராம். "உங்களுக்கு வீடு பூரா அவதான் இருக்கறா. எனக்கு இது ஒண்ணுதானுங்க" என்கிறார். நான் விடவில்லை. காந்திபுரம் வரும்வரை வாக்குவாதம். பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் இந்தப் பஸ்ஸில் அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால் ஏறினேன்.

என்ன, அந்தம்மாவுக்குத்தான் என்கிறீர்களா? நீங்களுமா?

டெக்ஸ்டூல் ஸ்டாப் தாண்டிவிட்டது. அடுத்தது எங்கள் ஸ்டாப். அதோ, அவர் எழுந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கே இரண்டு நிமிஷம் ஆகும். இத்தனை வருஷமும் ஒரே பஸ்ஸில் வந்தால் ஒருவர் விறுவிறு என்று முன்னால் போய்விடுவார், இன்னொருவர் டீக்கடையில் நின்றுவிட்டு அப்புறம் போவார். இன்றைக்குப் பாருங்கள், இறங்கினவர் போகவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. காகிதத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் அந்த வளைவுக்கு அடியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை இன்றைக்கே சொல்லிவிட்டால், நாளைக்கு எதைக் கேட்கிற சாக்கில் அந்த வீட்டுப் படி ஏறுவது? இருபத்துநாலு நாளில் ஒரு நாள் கதைதான் இதுவரை சொல்லியிருக்கிறார், மருதமலை. இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது.

வழி விடுங்கள், இறங்குகிறேன்.